எல்லை தாண்டிய வாணம்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘இயக்கவியல்’ பாடம் வந்தாலே பிள்ளைகள் பலருக்கு வயிற்றைக் கலக்கும். வெக்டரை இரண்டு கூறாகப் பிரி, சைன் போடு, கொசைன் போடு என்று மனப்பாடமாகப் போகிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்த அவர்கள் மண்ணின் சரித்திரத்திலேயே ஒரு பொருள் இருக்கிறது: மைசூர் வாணம், அந்தக் காலத்துப் போர் ராக்கெட்.

அதற்கு இரும்பே உயிர். ஐரோப்பாவில் அப்போது வாணக் குழாயைக் காகித அட்டையில் செய்தார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் கிழிந்துவிடும். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் ஆட்கள் இரும்பில் குழாய் செய்து, மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலோடு தோல்வாரால் கட்டினார்கள். சிலவற்றில் மூங்கிலுக்குப் பதில் வாள். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிதறிய போரில் இவை பறந்தன.

மைசூரோடு செய்த 1792 ஒப்பந்தத்தில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கம்பெனியிடம் போனது. ஓசூர்ப் பக்கம் ஹைதரின் மகன் திப்புவிடமே இருந்தது. அதனால் 1799 மார்ச்சில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டையைத் தாண்டியதுமே மைசூர் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. கெலமங்கலம், ஆனேக்கல் வழியே போன அந்தப் படையில், பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியும் இருந்தார். ஏப்ரல் 5 இரவு, திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில், வாணமும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்து பொழிய, அவருடைய ஆட்கள் இருட்டில் நிலைகுலைந்து பின்வாங்கினார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். வாணம் 1 கிலோமீட்டர் போகிறது, சாய்வு 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டு, வெறும் எறிபொருளாகவே கொண்டால் தொடக்க வேகம் நொடிக்கு சுமார் 99 மீட்டர், உச்ச உயரம் 250 மீட்டர், பறக்கும் நேரம் 14 நொடிக்கு மேல். கிடைத்தளக் கூறு மாறாமல் ஓடுகிறது, செங்குத்துக் கூறைப் புவியீர்ப்பு தின்கிறது. 1638இல் கலீலியோ அச்சிட்ட பரவளையம் இதுதான்.

ஆனால் வாணம் பீரங்கிக் குண்டு அல்ல. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பக்கக்காற்று அடித்தால் குண்டு காற்றோடு ஒதுங்கும். மருந்து எரிந்துகொண்டிருக்கும் வாணமோ காற்றை எதிர்த்துத் திரும்பும்! வாணம் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது, காற்று குறுக்கே 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், வாணத்தைப் பொறுத்தவரை காற்று நேர் எதிரிலிருந்து வருவதில்லை; சுமார் 11 பாகை விலகி வருகிறது. பின்னால் நீளும் மூங்கிலை அந்தக் காற்று தள்ள, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது. உந்துவிசையும் மூக்கோடு திரும்பிவிடுகிறது. கிளம்பிய கணத்தில், வேகம் 10 மீட்டராக இருக்கும்போது, அதே விலகல் 45 பாகை. சார்புத் திசைவேகம் என்று புத்தகத்தில் இருப்பது இதுவே. கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963 முதல் ஏவப்படும் ஆய்வு ராக்கெட்டுகளைப் போன்றவற்றுக்கும், காற்றை அளந்த பிறகே ஏவுதாங்கியின் சாய்வைத் திருத்துகிறார்கள்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தது. கைப்பற்றிய வாணங்கள் இங்கிலாந்து போயின. வில்லியம் காங்ரீவ் அவற்றைப் பார்த்துத் தம் ராக்கெட்டைச் செய்தார். அது 1807இல் கோபன்ஹேகனை எரித்தது, 1814இல் பால்டிமோர் கோட்டை மீது பாய்ந்து அமெரிக்க தேசிய கீதத்திலும் இடம்பிடித்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வுல்விச் ராணுவக் கல்லூரியின் வில்லியம் மூர், 1813இல் ராக்கெட்டின் இயக்கத்தைப் பற்றிக் கணிதநூலே எழுதினார். எரிய எரிய எடை குறையும் பொருளின் கணக்கு அது. இரும்பில் தொடங்கியது சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ராயக்கோட்டை மலைக்கோட்டை இன்றும் நிற்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி ஆசிரியர்களே, எறிபொருள் பாடத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். பக்கக்காற்று அடிக்கும்போது வாணத்தை எந்தப் பக்கம் சாய்த்துக் குறிவைப்பது என்று கேளுங்கள். விடையை அவர்களே வரைந்து கண்டுபிடிக்கட்டும்.