அவுட்போர்டு இன்ஜினும் ஐடில் ஓட்டமும்

முழு வேகத்தில் சீராக ஓடும் படகு இன்ஜின், வேகத்தைக் குறைத்ததும் நின்றுபோவது மெக்கானிக்குகளிடம் அடிக்கடி வரும் புகார். இந்தக் கோளாற்றின் வரலாறு, அவுட்போர்டு இன்ஜினுக்குக் கியர் வந்த வரலாற்றோடு பிணைந்தது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909இல் மில்வாக்கியில் தமது அவுட்போர்டு மோட்டாரை விற்கத் தொடங்கினார். ஒற்றை சிலிண்டர், 1.5 குதிரைத்திறன், சுமார் 28 கிலோ எடை. அதில் கிளட்சும் இல்லை, நியூட்ரலும் இல்லை. இன்ஜின் ஓடினால் புரொப்பெல்லரும் சுழலும். கரையை நெருங்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, எஞ்சிய வேகத்திலோ துடுப்பு போட்டோ படகைச் சேர்க்க வேண்டும். நிறுத்தியே ஆகவேண்டிய இன்ஜினில் ஐடில் ஓட்டத்துக்கு, அதாவது த்ராட்டில் மூடிய தாழ்ந்த வேக ஓட்டத்துக்கு, பெரிய வேலை இருக்கவில்லை.

1949இல் ஜான்சன் நிறுவனம் ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ் மூன்றும் கொண்ட 10 குதிரைத்திறன் மோட்டாரை வெளியிட்டது. கியர் மாற்ற வேண்டுமானால் இன்ஜின் தாழ்ந்த வேகத்தில் அணையாமல் ஓட வேண்டும். துறைக்கு அருகே அது நின்றால் ரிவர்ஸும் கிடைக்காது. காற்றும் நீரோட்டமும் படகைக் கல்லில் மோதவிடும். ஐடில் ஓட்டம் அப்போது பாதுகாப்புக்குரிய விஷயமாயிற்று.

கார்புரேட்டர் கொண்ட இன்ஜின் ஐடிலில் நின்றுபோனால், காரணம் பெரும்பாலும் அந்தக் கார்புரேட்டரில் இருக்கும். வேகமாக ஓடுகையில் பெட்ரோல் பெரிய ஜெட் வழியே வருகிறது. த்ராட்டில் மூடியதும் அந்த வழி ஓய்ந்து, ஐடில் பாதையின் நுண்துளைகள் மட்டுமே இன்ஜினுக்கு ஊட்டுகின்றன. நெடுநாள் ஓட்டாத படகில் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சும் பிசுக்கு இத்துளைகளை எளிதில் அடைத்துவிடும். கேஸ்கெட் வழியே காற்று கசிந்தாலும் கலவை மெலியும். அந்தக் கசிவு வேக ஓட்டத்தில் தெரியாது, ஐடிலில்தான் உறைக்கும்.

1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றின் முகப்பில் வேக ஓட்டத்துக்கும் தாழ்ந்த ஓட்டத்துக்கும் தனித்தனித் திருகுகள் இருந்தன. படகுக்காரர் தம் கையாலேயே கலவையைச் சரிசெய்தார். பின்னர் வேக ஓட்டத் திருகுக்குப் பதில் நிலையான ஜெட் வந்தது. தாழ்ந்த ஓட்டத்துக்கான திருகு நீடித்தது. அதைத் தண்ணீரில், கியர் போட்ட நிலையில் திருத்துவதே முறை. சுமையில்லாமல் சரியாக ஓடும் இன்ஜின், புரொப்பெல்லரின் சுமை ஏறியதும் அணைந்துவிடலாம்.

1996இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அவுட்போர்டு இன்ஜின்களின் புகைக்கு வரம்பு விதித்தது. 1998 முதல் 2006 வரை படிப்படியாக அது நடைமுறைக்கு வந்தது. எரியாத பெட்ரோலைப் புகையோடு வெளியேற்றும் பழைய டூ-ஸ்ட்ரோக் கார்புரேட்டர் இன்ஜின்கள் விலக, ஃபோர்-ஸ்ட்ரோக்கும் எரிபொருள் ஊசியும் பெருகின. ஊசி கொண்ட பல இன்ஜின்களில், த்ராட்டில் மூடும்போது தேவையான காற்றை ஒரு வால்வு அளந்து விடுகிறது; அதில் கரி படிந்தால் இன்ஜின் பழையபடி நின்றுபோகும்.

தலைமுறை மாறினாலும் சோதிக்கும் வரிசை பெரிதும் மாறவில்லை: முதலில் பெட்ரோலின் தரமும் வடிகட்டியும், அடுத்து ஸ்பார்க் பிளக், பிறகு ஐடில் பாதை அல்லது காற்று வால்வு, பின் காற்றுக் கசிவு. இவற்றைப் பார்த்து முடித்தபின்பே ஐடில் வேகத்தைக் கூட்ட வேண்டும். முதலிலேயே கூட்டினால் கோளாறு மறையும், தீராது; மிகுந்த வேகத்தில் கியர் விழுந்து அதன் பற்களும் தேயும்.