கல்லில் எழுதிய மருந்தும் பெயரில்லாப் பொட்டலமும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டையே நாம் நினைவுகூர்கிறோம். அதே வட்டாரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் மற்றொரு கல்வெட்டு உண்டு. வீரராசேந்திர சோழர் காலத்தில், 1068ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது அது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையின் மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர் ஆகியோரைக் குறிப்பிடுவதோடு, ஆண்டுதோறும் இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளையும் அது அளவோடு பட்டியலிடுகிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என ஒவ்வொரு மருந்தின் பெயரும் ஊரறியக் கல்லில் நிற்கிறது.

இவ்வெளிப்படைத்தன்மை நம் மார்க்கத்தின் வணிக ஒழுக்கத்திற்கும் அடிப்படை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் கேட்டதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. இந்நெறியைக் கடைவீதியில் காக்கவே முஸ்லிம் ஆட்சிகளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் அவருக்கென ஷைஸரீ எழுதிய கையேடு, அபினில் காட்டுக் கீரைச் சாறும் பிசினும் கலக்கப்படுவதைச் சொல்லி, நீரில் கரைத்து மணத்தாலும் சுவையாலும் அதைக் கண்டறியும் முறையையும் கற்பிக்கிறது.

அன்று வீரியமுள்ள மருந்தில் வீரியமற்றதைக் கலந்தனர். இன்றைய மோசடி தலைகீழானது: மூலிகைச் சூரணத்தில் வீரியமிக்க ஆங்கில மருந்தை ஒளிக்கின்றனர். தைவானில் 2,609 பாரம்பரிய மருந்து மாதிரிகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 23.7 விழுக்காட்டில் இத்தகைய கலப்பைக் கண்டது. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை 776 சத்துணவுப் பொருட்கள் இவ்வாறு பிடிபட்டன. இக்கலப்பு நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாது. சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் மூலக்கூறு எடையை அளக்கும் கருவிகளே அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் தரப்படும் பொடியில் ஸ்டீராய்டு ஒளிந்திருந்தால் ஓரிரு நாளில் வலி பறந்துவிடும். வைத்தியரின் கைராசி என்று ஊர் புகழும். மாதங்கள் செல்ல முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். நெடுநாள் உண்டவர் சந்தேகத்தால் திடீரென நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வதே முறை.

1964ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளையும் இந்திய மருந்துச் சட்டத்திற்குள் கொண்டுவந்தது. விற்பனைக்கு வரும் மருந்தின் மேலுறையில் சேர்மானங்கள் யாவும் அளவோடு இருக்க வேண்டும் என்பது விதி. எனினும், தம் நோயாளிக்கென வைத்தியரோ ஹகீமோ தாமே தயாரித்துத் தருவதற்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை. அங்கே அமானிதமே காவல். ஆகவே, இதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று கேட்பது அவமரியாதையன்று. அது நம் உரிமை. நேர்மையான ஹகீம் அதை மகிழ்ந்தே எழுதித் தருவார். பெயர் சொல்ல மறுக்கும் மருந்தை நம் இல்லத்துப் பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடாதிருப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தெளிவையும் ஆரோக்கியத்தையும் அருள்வானாக. ஆமீன்.