புகைபோக்கி வியூ

லோயர் பரேலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் நீச்சல் குளம், ஜிம், ஜன்னலில் பழைய மில் புகைபோக்கி எல்லாம் உண்டு. லிஃப்ட்மேனின் அப்பா மில் தொழிலாளி. மகன் தினமும் விராரிலிருந்து ரயிலில் வருகிறார்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல மில்கள் அப்புறம் எழவேயில்லை. மில் நிலத்தில் புதிதாகக் கட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, இன்னொரு பங்கு அரசு வீடுகளுக்கு என்றது 1991 விதி. 2001இல் ஒரு திருத்தம்: கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் பங்கீடாம். மில்லில் காலி நிலம் எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்! (இந்த மூளையை நூற்பில் காட்டியிருக்கலாம்.) உயர்நீதிமன்றம் 2005இல் மறுத்தது; உச்சநீதிமன்றம் 2006இல் திருத்தத்தை ஏற்றது.

2012இல் மாடா முன்னாள் தொழிலாளர்களுக்காக வீட்டுக் குலுக்கல் நடத்தியது. முப்பது வருடம் ஆகிவிட்டதே, விண்ணப்பத்தில் வாரிசுகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.