ஆக்சில், அச்சு, இருசு

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி ஏற்றிய வேன் கியர் விழுந்தும் நகரவில்லையென்றால், வேலை பழகும் பையன்கள் உடனே ‘ஆக்சில் போச்சு’ என்பார்கள். கிளட்ச் தேய்ந்தாலும் வண்டி அப்படித்தான் நிற்கும். பின்சக்கரத்தில் ஓடும் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழன்றும் சக்கரம் சுழலாவிட்டால்தான் ஆக்சிலையோ டிஃபரன்ஷியலையோ சந்தேகிக்க வேண்டும். ஆக்சில் நமக்கு அந்நியச் சொல்லும் இல்லை. வடமொழி ‘அக்ஷ’த்திலிருந்து வந்த நம் ‘அச்சு’க்கும் ஆங்கில ஆக்சிலுக்கும் மூதாதை ஒன்றே. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதையும் தேரின் அச்சாணியையும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். கருப்பட்டிப் பாகுக்குச் சிரட்டைதான் அச்சு என்கிறோமே, அந்த அச்சு வேறு. அது திராவிட வேர். மாட்டுவண்டிக்காரர்களிடம் வண்டி அச்சுக்கு ‘இருசு’ என்றொரு சொல் உண்டு. எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் இருசு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் அதன்மேல் சுற்றும். வேனின் ஆக்சிலோ தானும் சுழன்று இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. ஆகவே சுழலாததை இருசு என்றும் சுழல்வதை அச்சுத்தண்டு என்றும் பிரித்து வழங்குவதே சரி. தொழிற்பயிற்சி நூல் எழுதுவோர் இருசையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.