மேளம் கேட்கப் போன பாதைகள்

பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக, ஏனையவற்றில் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் எதிர்ப்பட்ட இன்னொரு கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்கிறான். உயர்தர வகுப்பிலே இதைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. அங்கே வழிநடந்தவர்கள் பாடுபவர்கள். எங்கள் யாழ்ப்பாணத்திலோ கேட்பவர்களும் வழிநடந்தார்கள். அவர்களைப் பற்றி எவரும் ஆற்றுப்படை பாடவில்லை.

சோளகம் வீசத் தொடங்கினால் திருவிழாக் காலம் வந்துவிட்டது என்று பொருள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆனியில் நயினாதீவு, ஆடியில் மாவிட்டபுரம், பின்பு நல்லூரின் இருபத்தைந்து நாள்கள், அதன்மேல் சந்நிதி. வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் அக்கோடையிலே நண்பர்கள் கூட்டுச் சேர்ந்து, கால்நடையாகவும் மாட்டுவண்டிலிலும் பின்னாளிற் சைக்கிளிலும் ஊர்விட்டு ஊர் போனார்கள். சுவாமி தரிசனம் ஒரு காரணம். மேளச்சமா மற்றக் காரணம். எது முதற் காரணம் என்று கேட்டால், பலர் சிரித்து மழுப்பிவிடுவார்கள்!

மேளச்சமா என்பது எங்கள் கோயில் வீதிகளிலே வளர்ந்த கலை நிகழ்வு. ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்கு உரியது. தமது திருவிழாவுக்கு மற்றவரைவிடச் சிறந்த மேளம் பிடிக்க வேண்டும் என்பது அவர்களின் போட்டி. உள்ளூர் வித்துவான்களோடு தஞ்சை மண்ணின் வித்துவான்களும் அழைக்கப்பட்டார்கள். 1905 இல் காங்கேசன்துறைவரை நீண்ட புகையிரதப் பாதையும், 1914 இல் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் இந்தப் போக்குவரத்தை எளிதாக்கின. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின்னரும் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் அதுவும் நின்றுபோயிற்று.

வந்தவர்களிடம் கேட்டுக் கற்ற மண் தானும் கொடுத்தது. இணுவில் விசுவலிங்கத்தின் மகனாக 1933 இல் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975 இல் மறைந்த தவில்மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகத்தின் பெரும் நாதஸ்வர வித்துவான்களும் விரும்பி அழைத்தார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நல்லூர் வீதியிலே நெடுங்காலம் ஒலித்தது.

இவர்களைக் கேட்பதற்காக என் பெரியையா அறுபதுகளில் தன் கூட்டாளிகளோடு வண்டில் கட்டிப் போனவர். பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலே, வெளிவீதி மணலிற் குந்தியிருந்து விடியும்வரை கேட்பார்களாம். தனி ஆவர்த்தனம் நடக்கையில் வாசிப்பவரின் கண் சனத்தின் கைவிரல்களைத் தேடும் என்பார். “அடிக்கிறவனுக்கு மட்டும் தாளம் தெரிஞ்சாப் போதாது தம்பி, கேக்கிறவன்ரை விரலுக்கும் தெரிய வேணும். அப்பதான் அவனுக்கு அடிக்க மனம் வரும்.” அவருக்குச் சங்கீத இலக்கணம் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் தலை அசைக்க வேண்டும் என்பதை அந்தப் பயணங்களும் கூட்டாளிகளும் அவருக்குக் கற்பித்திருந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் வண்டிலுக்குள் விவாதம் நடக்கும். அதுவே அவர்களின் பள்ளிக்கூடம்.

என் தலைமுறைக்கு அந்த இரவுகள் வாய்க்கவில்லை. 1990 இல் புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது. விமானத்துக்கு அஞ்சி எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவைப் பொழுது சாயுமுன்னே முடித்தார்கள். மாவிட்டபுரத்துப் பாதையே மூடுண்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். நாங்கள் நால்வர் பெரியையாவின் வீட்டு முற்றத்திலே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, தட்சிணாமூர்த்தியின் கசற்றைக் கேட்போம். பெடலைச் சுற்றுபவன் தளர்ந்தால் தவிலும் தளரும். பெரியையா உடனே அதட்டுவார். ஒரே சீராகச் சுற்றிச் சுற்றியே காலப்பிரமாணம் என்றால் என்னவென்று நாங்கள் அறிந்தோம். எங்களில் நன்றாகச் சுற்றியவன் இன்று இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு மற்ற இருவரும் திசைக்கொருவராகினர். அந்தக் கசற்றும் அந்த வீட்டோடு போயிற்று.

2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டது. கோயில் வீதிகளில் மின்விளக்குகள் பகலாக்குகின்றன. சென்ற ஆடியிலே, கனடாவில் வாழும் நண்பன் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தான். இருவரும் அயலூர்த் திருவிழாவுக்குப் போனோம். இளம் தவில்காரர் ஒருவர் அருமையாக வாசித்தார். பூசை முடிந்ததும் சனம் கலைந்தது. சிலர் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தனி முடிந்தபோது வீதியில் எஞ்சியவர்கள் இருபது பேர்கூட இல்லை. நண்பனின் விரல்கள் மட்டும் தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதைக் கண்ட அந்தத் தவில்காரர் எங்கள் பக்கம் திரும்பி நின்று இன்னும் ஒரு சுற்று வாசித்தார். பெரியையா சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

நமது இசை வரலாற்றை வித்துவான்களின் வரலாறாகவே எழுதி வருகிறோம். அது பாதி வரலாறு. புழுதி வழியே நடந்து, மணலில் இருந்து, விடியும்வரை கேட்டவர்கள் மறுபாதி. கலைஞர் பரம்பரை அழிந்துவிடவில்லை. நல்ல பிள்ளைகள் கற்று வருகிறார்கள். அருகி வருவது கேட்போர் பரம்பரை. அதை மீட்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இந்தக் கோடையில் அயலூர் மேளச்சமா ஒன்றுக்கு நண்பர்களோடு போங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். தனி ஆவர்த்தனம் முடியும்வரை எழும்பாமல் இருங்கள்.