லைப்சிக் ஆலயத்தின் திறந்த கதவு



பொய்யையே கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவர்கள், மெய்யை எங்கே போய்த் தேடுவார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு நாட்டின் வரலாறு விடை சொல்கிறது. அந்நாடு இன்று உலகப் படத்தில் இல்லை. அதன் பெயர் கிழக்கு ஜெர்மனி.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, 1949இல் இரு நாடுகளாயிற்று. கிழக்கே பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி. அங்கிருந்து மக்கள் மேற்கே தப்பியோடினார்கள். அதைத் தடுக்க 1961இல் பெர்லின் நகரின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. பகைவரிடமிருந்து மக்களைக் காக்கும் அரண் என்று அரசு அதற்குப் பெயர் சூட்டியது.

'ஸ்டாசி' என்னும் இரகசியக் காவல் துறையில் 1989இல் ஏறத்தாழ 90,000 பேர் பணிபுரிந்தார்கள். அவர்களுக்கு ஒற்று சொன்னவர்கள் இன்னும் 170,000 பேருக்கு மேல். நம் லயத்தில் அடுத்த வீட்டுக்காரரே நாம் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால், நாம் வாய் திறப்போமா? வீட்டுக்குள் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்று குழந்தைகளும் பழகிக்கொண்டார்கள்.

லைப்சிக் நகரில் தூய நிக்கோலாஸ் ஆலயம் உள்ளது. 800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. அங்கே 1982 முதல் திங்கட்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு அமைதிக்காக ஜெபம் நடந்தது. தொடக்கத்தில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலயம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று வாசலில் எழுதி வைத்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வந்தார்கள். மனத்தில் கிடந்த பாரத்தை அங்கே சொன்னார்கள். மனிதரிடம் பொய் சொல்லித் தப்பலாம். கண்ணை மூடி ஜெபிக்கும்போது யாரிடம் பொய் சொல்வது?

1989 மே 7இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நூற்றுக்கு 98.85 பேர் ஆதரித்தார்கள் என்று அரசு அறிவித்தது. ஆனால் ஆலயங்களோடு தொடர்புடைய குழுவினர் பல வாக்குச் சாவடிகளில் நின்று தாங்களே எண்ணியிருந்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. பொய் பிடிபட்டது.

அந்த ஆண்டு அக்டோபர் 9, திங்கட்கிழமை. நகரில் ஆயுதப் படைகள் குவிந்தன. மருத்துவமனைகளில் கூடுதல் இரத்தம் சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. ஆலய இருக்கைகளை நிரப்பி மற்றவர்களுக்கு இடமில்லாமல் செய்ய, நூற்றுக்கணக்கான கட்சிக்காரர்களை அரசு அனுப்பியது. போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் அவர்களை விரட்டவில்லை. வரவேற்று உட்கார வைத்தார். வேலை முடிந்து வருவோருக்கென மேல்மாடத்தை மட்டும் அடைத்து வைத்திருந்தார். வேவு பார்க்க வந்தவர்களும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தைக் கேட்டார்கள்.

ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது வீதியெல்லாம் மனிதர்கள். ஏறத்தாழ 70,000 பேர். பலர் கையில் மெழுகுவர்த்தி. அதை ஏந்த ஒரு கை வேண்டும். காற்றில் அணையாமல் காக்க மறு கை வேண்டும். கல்லெடுக்கக் கை ஏது? அன்று ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9இல், பெர்லின் சுவர் திறந்தது. 1990 அக்டோபர் 3இல் இரு நாடுகளும் ஒன்றாயின.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 1992இல் ஸ்டாசியின் கோப்புகளைப் பாதிக்கப்பட்டவர்கள் பார்க்க வழி பிறந்தது. தம்மைக் காட்டிக்கொடுத்தவர் நண்பர் என்று கண்டவர் உண்டு. கணவர் என்று கண்டவரும் உண்டு. ஒற்றர்களில் போதகர்கள் சிலரும் இருந்தார்கள். ஆம், வஞ்சனை ஆலயத்துக்குள்ளும் புகுந்திருந்தது.

அப்படியானால் அந்த ஜெபம் வீணா? பக்கத்தில் இருப்பவர் ஒற்றராக இருக்கலாம் என்று அறிந்தேதான் அம்மக்கள் அங்கே உட்கார்ந்தார்கள். அவருக்கு அஞ்சித் தாமும் பொய்யராகிவிடக் கூடாது என்பதே அவர்களின் தேடல். வஞ்சகர் யார் என்று கோப்புகள் பின்னாளில் காட்டின. தாம் யாராக இருக்கவேண்டும் என்பதை ஜெபம் முன்னதாகவே காட்டியிருந்தது. நாம் எந்தச் சமயத்தவராயினும், கைகூப்பி நிற்கும் வேளையில் இதை எண்ணிப் பார்ப்போம்.