கத்திரி வெயிலுக்கு அஞ்சாத புல்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் வீட்டு வாசலில் புல்தரை போட நினைப்பவர் முதலில் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960களில் இருந்து மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளின் நீரைச் சென்னை நகரம் உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. அந்த உப்பை ஓரளவு தாங்கி நிற்பது பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான்.

சென்னையின் புல்தரைக் கதையே இந்தப் புல்லின் கதை. 18ஆம் நூற்றாண்டில் கோட்டையை விட்டு வெளியேறி, தோட்ட வீடுகள் கட்டிக் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் ஊர்ப் பசுந்தரையை இங்கேயும் விரிக்க ஆசைப்பட்டார்கள். ஆசை வந்த அளவுக்கு அவர்கள் ஊர்ப் புல் வரவில்லை. குளிரில் தழைக்கும் அந்த இனங்கள் சித்திரை வெயிலில் கருகிப்போகும். அருகோ வெயில் ஏற ஏறக் கொழிப்பது. மண்ணுக்கு மேலே கொடியோடும், கீழே தண்டோடும், கணுவுக்குக் கணு வேர்விடும்.

அதன் அருமையை ஆங்கிலேயரின் குதிரை லாயம் நன்றாக அறிந்திருந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் புல் கொண்டுவரத் தனி ஆள் உண்டு. வடக்கே அந்த வேலையை ஆண் பார்த்தான், தெற்கே குதிரைக்காரனின் மனைவி பார்த்தாள் என்று 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி குறித்து வைத்திருக்கிறது. 1830இல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற இங்கிலாந்தின் எட்வின் பட்டிங்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வெயிலில் குனிந்து புல்லறுத்துச் சுமந்த அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட அகராதி சொல்லவில்லை. இது மனதை உறுத்துகிறது.

1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் போன்றோர் முன்னின்று சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தோட்டம் போடுவது ஒரு துறையாகவே வளர்ந்தது. ஆனால் இந்தியத் தோட்டக்காரர்கள் புல்தரை போடும் முறைகளில் ஒன்று வீட்டு முற்றத்திலிருந்தே வந்ததுபோல் இருக்கிறது. அருகங்கொடியை விரல்நீளத்துக்கு நறுக்கி, பசுஞ்சாணமும் மண்ணும் நீரும் சேர்த்துக் குழைத்து, சமன் செய்த ஈரநிலத்தில் மெழுகுவதுபோல் பூசுவார்கள். சில வாரங்களில் தரை முழுக்கப் பச்சை பிடிக்கும்.

வெளிநாடுகளில் 'பெர்முடா' என்ற பெயரோடு உலவுவதும் இதே அருகுதான். அமெரிக்காவின் டிஃப்டன் ஆய்வுநிலையம் அதை ஓர் ஆப்பிரிக்க இனத்தோடு கலந்து 1960இல் வெளியிட்ட 'டிஃப்வே', கோல்ஃப் மைதானங்களிலும் பந்தாட்டத் திடல்களிலும் விரிந்து கிடக்கிறது.

வள்ளூர்க்காரருக்கு அந்தக் கலப்பினம் தேவையில்லை. வரப்போர அருகே போதும். அது கேட்பது பருவமறிந்த கவனிப்பு. புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை வேர் பிடிக்க வைக்கும். ஈரம் காயுமுன் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். மேலே கிள்ளினால் மறுபடி முளைக்கும். தை பிறந்ததும் சலித்த தொழுவுரத்தை மெல்லிசாகத் தூவலாம். கத்திரியில் தரை பழுத்துப்போனாலும் பதறி உப்புநீரை ஊற்றாமல், ஒட்ட வெட்டாமல் விட்டுவைப்பது நல்லது. மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு இருக்கும். கோடைமழை ஒன்று இறங்கினால் கணுக்கள் துளிர்க்கும். ஐப்பசி அடைமழை வந்து, வேரடியில் படிந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கும்.